ஆர்.ஓ. தண்ணீர் எலும்பைக் கரைக்குமா? தாது நீக்கிய நீர் பற்றி ஓர் எளிய விளக்கம்

நீரில் கரைந்துள்ள உப்பின் அளவான டி.டி.எஸ். ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் அது "செத்த தண்ணீர்", எலும்பில் உள்ள கால்சியத்தை உறிஞ்சிவிடும் என்கிறது வாட்ஸப். நூறைத் தாண்டினால் கிட்னியில் கல் வரும் என்கிறார் ஆர்.ஓ. மெஷின் விற்க வந்தவர். இரண்டுமே தவறு. ஆனால் தாது நீக்கிய நீரைக் குடிப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு. அவற்றில் பெரும்பாலானவை டி.டி.எஸ். மீட்டரில் தெரியாதவை. அதனால்தான் யாரும் அவற்றைப் பற்றிப் பேசுவதில்லை.

முதலில் எது எது என்று பிரித்துக்கொள்வோம்.

டி.டி.எஸ். என்பது ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த எடை, மில்லிகிராமில். கால்சியம், மக்னீசியம், சோடியம், பைகார்பனேட், குளோரைடு, சல்பேட் ஆகியவைதான் அதில் பெரும்பங்கு. சுத்தமாகப் பிடித்த மழைநீரில் இது பத்து இருபதுக்குள் இருக்கும். ஏரியிலிருந்து வரும் குழாய் நீரில் சில நூறு இருக்கும். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் 1500, 2000 என்று காட்டுவது சாதாரணம். கடல்நீரில் சுமார் 35,000.

காய்ச்சுவதால் கிருமி சாகும், உப்பு போகாது. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பு மட்டும் கொஞ்சம் குறையும். யு.வி. என்ற புற ஊதா விளக்கும் அப்படித்தான்: கிருமியைச் செயலிழக்கச் செய்யும், உப்பைத் தொடாது. யு.எஃப். சவ்வு கிருமியையும் கலங்கலையும் வடிகட்டும், கரைந்த உப்பை விட்டுவிடும். ஆர்.ஓ. மெம்பிரேன் அதைவிட நுண்ணிய சவ்வு, கரைந்த உப்பில் 90 முதல் 95 சதவீதத்தை நிறுத்திவிடும். 800 டி.டி.எஸ். உள்ளே போனால் 40 முதல் 80 வரை வெளியே வரும். ஆவியாக்கிக் குளிரவைத்த காய்ச்சி வடித்த நீரிலும், அயனிப் பரிமாற்ற ரெசின் வழியாக எடுக்கும் டி.எம். நீரிலும் ஏறத்தாழ ஒன்றுமே இருக்காது.

அபார்ட்மென்ட்களில் வைக்கும் சாஃப்ட்னரை இந்த வரிசையில் சேர்க்கக்கூடாது. அது உப்பை நீக்குவதில்லை, மாற்றுகிறது. கால்சியமும் மக்னீசியமும் போய் அந்த இடத்தில் சோடியம் வந்து உட்காரும். டி.டி.எஸ். ஏறத்தாழ அப்படியே இருக்கும். கடினத்தன்மை, அதாவது கால்சியம், மக்னீசியத்தின் அளவு, 500 இருக்கும் போர் தண்ணீரைச் சாஃப்ட்னர் முழுதாக மென்மையாக்கினால் ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் 230 மில்லிகிராம் சோடியம் கூடும். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர் அதை நேராகக் குடிக்கக்கூடாது. அதன்பின் ஆர்.ஓ. வைத்துக் குடிக்கலாம்.

எலும்புக் கதை எங்கிருந்து வந்தது

பள்ளி ஆய்வகத்தில் ரத்தச் சிவப்பணுக்களைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டால் அவை நீரை உள்ளே இழுத்து வீங்கி வெடித்துவிடும். உப்பு குறைந்த பக்கத்திலிருந்து உப்பு கூடிய பக்கத்துக்கு நீர் ஊடுருவுவதே காரணம். இதைப் பார்த்தவர்களுக்கு, அந்த நீரைக் குடித்தால் உடம்பு செல்களுக்கும் இதே கதிதான் என்று தோன்றுவது இயல்பு.

சோதனையில் சொல்லாமல் விடப்படும் விஷயம் ஒன்று உண்டு. அதே சிவப்பணுக்களைச் சாதாரணக் குழாய் நீரில் போட்டாலும் அவை வெடிக்கும். ரத்தத்தின் கரைசல் செறிவு, மருத்துவர்கள் பயன்படுத்தும் மில்லி ஆஸ்மோல் அளவில், சுமார் 290. டி.டி.எஸ். 300 உள்ள குழாய் நீரின் செறிவு அதே அளவில் பத்து. காய்ச்சி வடித்த நீருக்குப் பூஜ்யம். உடம்பின் 290-க்கு முன்னால் பத்தும் பூஜ்யமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தாது நிறைந்தது என்று நாம் நினைக்கும் தண்ணீரே உடம்பின் கணக்கில் வெறுந்தண்ணீர்.

குடித்த நீர் நேராக ரத்தத்தில் போய் விழுவதும் இல்லை. உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணையநீர், குடல்நீர் என்று செரிமானப் பாதையில் ஒரு நாளைக்குச் சுமார் ஏழு லிட்டர் உப்புக் கரைசல் சுரக்கிறது. குடித்த ஒரு டம்ளர் அதில் கலந்துவிடும். மிச்சத்தைச் சிறுநீரகம் சரிசெய்துகொள்ளும். வாய் வழி வேறு, நரம்பு வழி வேறு: வெறும் காய்ச்சி வடித்த நீரை நரம்பில் அதிக அளவில் ஏற்றினால் சிவப்பணுக்கள் உண்மையிலேயே சிதையும். டிரிப்ஸ் பாட்டிலில் 0.9 சதவீத உப்புக் கரைசல் இருப்பதற்கு அது ஒரு காரணம்.

சோடியம் குறைந்து மயக்கம் வரும் என்ற பயமும் இதே வகை. ரத்தத்தின் நீர்ப்பகுதியில் லிட்டருக்கு ஏறத்தாழ 3.2 கிராம் சோடியம் இருக்கிறது. குழாய் நீரில் ஐம்பது மில்லிகிராம் இருந்தால் அதிகம். குறுகிய நேரத்தில் லிட்டர் லிட்டராகக் குடித்தால் எந்தத் தண்ணீரும் ரத்த சோடியத்தைக் கீழே இறக்கும். சிறுநீரகம் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டருக்கு மேல் வெளியேற்ற முடியாது. ஆபத்து குடிக்கும் வேகத்தில் இருக்கிறது, ஆர்.ஓ.வில் இல்லை.

அடுத்தது "அமிலத் தண்ணீர்". தாது நீக்கிய நீர் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி பி.எச். 5.6 வரை இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் இரைப்பையின் பி.எச். 2 அளவில் இருக்கிறது. எலுமிச்சைச் சாறும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தாது இல்லாத நீரின் இந்த அமிலத்தன்மைக்கு வலுவே கிடையாது. வாயில் பட்டதுமே உமிழ்நீர் அதைச் சமன்செய்துவிடும். வீட்டுக்கு வந்து கலர் சொட்டு விட்டு, மஞ்சளாக மாறியதைக் காட்டி "ஆல்கலைன்" கார்ட்ரிட்ஜ் விற்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

உண்மையில் இழப்பது எவ்வளவு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2020 பரிந்துரைப்படி வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் கால்சியம் உள்ள தண்ணீரை இரண்டு லிட்டர் குடித்தால் 100 மில்லிகிராம் கிடைக்கும். அதே நீரை ஆர்.ஓ.வில் விட்டால் பத்துக்குள் அடங்கிவிடும். இழப்பு சுமார் 90 மில்லிகிராம், அதாவது நாள் தேவையில் பதினொன்றில் ஒரு பங்கு. அரை டம்ளர் பசும்பாலில் அது வந்துவிடும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. தோல் நீக்காத எள்ளில் அதைவிடப் பல மடங்கு.

ஆகவே தினமும் பால், மோர், கேழ்வரகு, கீரை, சிறுமீன் என்று ஏதாவது சாப்பிடும் வீட்டில் இது ஒரு பொருட்டே அல்ல. காலையில் டீயும் பன்னும், மதியம் ரசம் சாதம், இரவு இட்லி என்று ஓட்டும் முதியவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஏற்கெனவே தேவையில் பாதிகூடக் கிடைக்காதவருக்குத் தண்ணீரிலிருந்து வந்த நூறு மில்லிகிராம் பெரிய பங்கு. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இதே கவனம் தேவை. அவர்கள் தட்டைத்தான் சரிசெய்ய வேண்டும். தண்ணீரில் எதையாவது போடுவது அதற்கு அடுத்தது.

மக்னீசியம் கொஞ்சம் வேறு கதை. கடின நீர் குடிக்கும் ஊர்களில் இதய நோய் மரணங்கள் குறைவா என்று பல நாடுகளில் பல பத்தாண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள். நீரில் உள்ள மக்னீசியத்துக்கும் இதயத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. உறுதியாக நிரூபணமாகவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2005-லும் 2009-லும் இதைப் பற்றித் தனித்தனியாக நூல் வெளியிட்டது. கடல்நீரைக் குடிநீராக்கி ஊர் முழுக்க விநியோகிக்கும் இஸ்ரேலில் மக்னீசியத்தையும் திரும்பச் சேர்க்க வேண்டுமா என்ற விவாதம் நடந்துகொண்டிருப்பது இதனால்தான். ஒரு நகரமே ஆயுள் முழுக்க ஒரே நீரைக் குடிக்கும்போது சின்ன வித்தியாசமும் கணக்கில் வரும். தனி மனிதருக்கு நிலக்கடலை, பயறு, முழுதானியம் போதும்.

சமையலில் நடப்பது பலருக்குத் தெரியாது. தாது நீக்கிய நீரில் காய்கறியை வேகவைத்து நீரைக் கொட்டினால், காயிலுள்ள கால்சியம், மக்னீசியத்தில் 60 சதவீதம் வரை நீரோடு போகக்கூடும் என்று அந்த 2005 நூல் குறிப்பிடுகிறது. கடின நீரில் இந்த இழப்பு குறைவு. ஆனால் நம் சமையலில் சாம்பார், கூட்டு, பருப்பு எல்லாவற்றிலும் வேகவைத்த நீர் குழம்போடு சேர்ந்தே தட்டுக்கு வருகிறது. கரைந்தது எதுவும் வெளியே போகவில்லை. சோற்றை வடித்துக் கஞ்சியைக் கொட்டும் வீட்டிலும், கீரையைப் பிழியும் வீட்டிலும்தான் இது நிஜமான இழப்பு. இன்னொரு பக்கம், கடின நீரில் துவரம்பருப்பு சீக்கிரம் மசியாது. நீரிலுள்ள கால்சியம் பருப்பின் செல்சுவரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எனவே பருப்புக்கு ஆர்.ஓ. நீர், வடிக்கும் சோற்றுக்கு நல்ல குழாய் நீர் என்று பிரித்தால் இரண்டும் நன்றாக வரும்.

குறைந்த தாதுள்ள நீர் மெஷின் வந்தபின் வந்த புதுமை அல்ல. சிறுவாணி நீரின் ருசியைக் கோவைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அது மென்மையான நீர், மலைக்காட்டு மழை பாறையில் அதிகம் கரைக்காமல் ஓடி வருவது. நீலகிரி ஓடைகளும் அப்படித்தான். கூரை மழைநீரைச் சேர்த்துவைத்துக் குடிக்கும் வீடுகள் கடலோரக் கிராமங்களில் இன்னும் உண்டு. இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 டி.டி.எஸ்.ஸுக்கு 500 என்ற ஏற்கத்தக்க எல்லையையும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை என்ற தளர்வையும் தருகிறது. கீழ் எல்லை என்று எதையும் வைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் டி.டி.எஸ்.ஸுக்கு உடல்நலம் சார்ந்த எல்லை வைக்கவில்லை. 600-க்குள் ருசி நன்றாக இருக்கும், 1000-க்கு மேல் குடிக்கப் பிடிக்காமல் போகும், மிகக் குறைந்தால் சப்பென்று இருக்கும் என்றுதான் சொல்கிறது.

பிறகு சேர்வதைப் பாருங்கள்

தாது நீக்கிய நீரில் இல்லாதவற்றைவிட, மெம்பிரேனைத் தாண்டியபின் அதில் வந்து சேர்பவைதான் பயப்பட வேண்டியவை.

முதலாவது உலோகம். கால்சியமும் பைகார்பனேட்டும் உள்ள நீர் குழாயின் உட்புறத்தில் மெல்லிய சுண்ணாம்புப் படலம் போட்டுவைக்கும். உலோகம் கரையாமல் அது காக்கும். தாது இல்லாத நீருக்கு அந்தப் படலம் கிடையாது. மேலும் அது எதையாவது கரைத்துக்கொள்ளத் தயாராகவே இருக்கும். கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. முடிந்தபின் சுண்ணாம்பும் கரியமில வாயுவும் சேர்த்தோ சுண்ணாம்புக்கல் படுகை வழியாக விட்டோ தாதுவைத் திரும்பக் கொடுப்பது முதன்மையாக இதற்காகத்தான். குடிப்பவரின் எலும்பைவிட ஊரின் இரும்புக் குழாயைப் பற்றித்தான் அங்கே அதிகக் கவலை.

வீட்டு மெஷினில் மெம்பிரேனுக்குப் பிறகு எல்லாமே பிளாஸ்டிக் டியூப், பிளாஸ்டிக் டேங்க் என்பதால் பிரச்சினை குறைவு. அபார்ட்மென்ட் முழுமைக்கும் மொட்டைமாடியில் ஆர்.ஓ. வைத்து, அதைப் துத்தநாகம் பூசிய பழைய இரும்பு (ஜி.ஐ.) பைப்பில் எல்லா வீட்டுக்கும் இறக்கும்போதுதான் துரு நிறத்தில் நீர் வரும், துத்தநாகம் கரையும். பித்தளை இணைப்புகளில் காரீயமும் சேரக்கூடும். ஆர்.ஓ. நீருக்கு சி.பி.வி.சி. குழாய், எவர்சில்வர் இணைப்பு என்று தனியாகவே போட வேண்டும். ஆர்.ஓ. நீரைச் செம்புப் பாத்திரத்தில் இரவெல்லாம் ஊறவைத்துக் குடிக்கும் பழக்கமும் வேண்டாம். எவர்சில்வர் குடம், கண்ணாடி, மண்பானை மூன்றில் எதுவும் சரி.

இரண்டாவது கிருமி. குழாய் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. வழியில் கிருமி புகுந்தால் அந்த மிச்சக் குளோரின் பார்த்துக்கொள்ளும். ஆர்.ஓ. மெஷினில் கார்பன் ஃபில்டர் முதல் வேலையாக அந்தக் குளோரினை எடுத்துவிடுகிறது. எடுக்காவிட்டால் மெம்பிரேன் பாழாகும். ஆக, டேங்கில் நிற்கும் சுத்தமான நீர் காவல் இல்லாத வீடு மாதிரி. டேங்க் மூடியின் இடுக்கு, குழாயின் முனை, விரல் என்று எங்கிருந்தாவது ஒரு கிருமி வந்தால் பெருகத் தடையே இல்லை. காய்ச்சி வடித்த நீருக்கும் இது பொருந்தும். உப்பு இல்லை என்பதற்காகக் கிருமி வளராமல் இருக்காது.

மெஷினை அணைத்து, டேங்கைக் காலிசெய்து, உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் அது கிருமிப் படலம். டேங்கைத் துலக்கிவிட்டு, பத்து லிட்டர் நீர் நிரப்பி, மணம் சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் பத்து மில்லி ஊற்றுங்கள். லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவு வரும். கொஞ்சம் நீரைக் குழாய் வழியாக வெளியே விட்டு, குழாயிலும் அது நிற்கும்படி செய்து, அரைமணி நேரம் விடுங்கள். பிறகு முழுதும் வடித்து, குளோரின் வாசனை போகும் வரை இரண்டு மூன்று முறை ஆர்.ஓ. நீரால் அலசுங்கள். இந்தக் கரைசல் டேங்கில் நேராகத்தான் போக வேண்டும். மெஷினின் உள்வழியில் விட்டால் மெம்பிரேன் போய்விடும். மாதம் ஒருமுறை செய்தால் நல்லது. சர்வீஸ் ஆள் வருடத்துக்கு மூன்று முறை வந்து ஃபில்டர் மாற்றுவார். டேங்கைப் பெரும்பாலும் தொடமாட்டார், நாம் கேட்டால் ஒழிய.

20 லிட்டர் கேனுக்கும் இதே விதி. சீல் உடையாமல், பேக் செய்த தேதியும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணும் இருக்கும் கேனாக வாங்கி, வெயில் படாமல் வைத்து, திறந்தபின் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். கேனைக் கவிழ்த்து வைக்கும் டிஸ்பென்சரைக் கழுவாமல் கேனை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் பெரும்பாலான அலுவலகங்களில் நடக்கும் தவறு.

மீட்டர் சொல்லாதவை

டி.டி.எஸ். மீட்டர் உப்பை எடைபோடுவதில்லை. இரண்டு முனைகளுக்கு இடையே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. கிருமிக்கும் பூச்சிமருந்துக்கும் அது குருடு. காரீயத்துக்கான எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதைப்போல நூறு மடங்கு இருந்தாலும் திரையில் ஒரே ஒரு எண்தான் ஏறும். 40 என்று காட்டும் சாக்கடை கலந்த மழைநீர் இருக்கலாம், 450 என்று காட்டும் அருமையான கிணற்று நீரும் இருக்கலாம். மீட்டரின் உண்மையான பயன் ஒன்றுதான்: மெம்பிரேன் வேலை செய்கிறதா என்று பார்ப்பது. உள்ளே போவது 900, வெளியே வருவது 60 என்றால் 93 சதவீதம் தடுக்கிறது, சரி. 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மெம்பிரேனை மாற்ற வேண்டும். காலையில் முதலில் வரும் நீரை அளக்காதீர்கள். மெஷின் சும்மா கிடந்த இரவில் உப்பு மெம்பிரேன் வழியாக மெல்லக் கசிந்திருக்கும். பத்து நிமிடம் ஓடவிட்டு அளக்கவும்.

டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று மெஷினுக்குள் ஒரு சின்னத் திருகு இருக்கும். அது "மினரலைப் பாதுகாக்கும்" என்று விளம்பரம் சொல்லும். உண்மையில் அது மெம்பிரேனைச் சுற்றிக்கொண்டு, கார்பன் மட்டும் தாண்டிய பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் சுத்த நீரோடு கலக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். போர் தண்ணீர் 1200, மெம்பிரேன் தருவது 60, உங்களுக்கு 150 வேண்டும் என்றால் எட்டு சதவீதம் பச்சைத் தண்ணீர் கலக்க வேண்டும். ஃபுளோரைடு, நைட்ரேட் இருந்தாலும் அதில் எட்டு சதவீதம்தான் திரும்ப வரும், பரவாயில்லை. ஆனால் கிருமிக்கு எட்டு சதவீதமே தாராளம். ஆகவே கலந்த பிறகுதான் யு.வி. விளக்கு வர வேண்டும். உங்கள் மெஷினில் எந்த வரிசை என்று மூடியைத் திறந்து டியூபைத் தொடர்ந்து பார்த்தாலே தெரியும். இப்போது மெட்ரோ தண்ணீர் 400, மெம்பிரேன் தருவது 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 ஆக்க மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பச்சைத் தண்ணீர் வேண்டும். அந்த வீட்டுக்கு ஆர்.ஓ.வே தேவையில்லை என்பதை அந்தத் திருகே சொல்லிவிடுகிறது. 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடுக்க வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் உத்தரவிட்டதும் வீணாகும் நீரை நினைத்துத்தான். சாதாரண மெஷினில் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு மூன்று லிட்டர் வரை கழிவாகப் போகிறது.

மினரல் கார்ட்ரிட்ஜ் இதைவிடப் பாதுகாப்பானது. உள்ளே இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் துகளும் கொஞ்சம் மக்னீசியம் ஆக்சைடும். நீர் மெதுவாகப் போனால் கொஞ்சம் கரையும். லிட்டருக்குப் பதினைந்து மில்லிகிராம் கால்சியம் சேர்ந்தால் இரண்டு லிட்டரில் முப்பது, அதாவது இரண்டு மடக்குப் பாலில் இருப்பது. சத்துக்காக அதை வாங்காதீர்கள். சப்பென்ற ருசி மாறுவதும் நீரின் அரிக்கும் குணம் தணிவதும்தான் அதன் பலன். கார்ட்ரிட்ஜுக்கு முன்னும் பின்னும் டி.டி.எஸ். ஒரே மாதிரி காட்டினால் அது தீர்ந்துவிட்டது. டி.டி.எஸ்.ஸை ஏற்ற ஒரு சிட்டிகை சமையல் உப்பு போடுவது வீண் வேலை. மீட்டர் ஏறும், கால்சியம் ஏறாது. வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றுவது அளவு தெரியாத விளையாட்டு.

குடிக்கவே கூடாதவை

பெட்ரோல் பங்கிலும் மெக்கானிக் கடையிலும் விற்கும் பேட்டரி தண்ணீர் தாது நீக்கியதுதான், ஆனால் குடிநீர் அல்ல. பெரும்பாலும் ரெசின் வழியாக எடுப்பது. ரெசினைப் புதுப்பிக்க ஹைட்ரோகுளோரிக் அமிலமும் காஸ்டிக் சோடாவும் பயன்படுத்துவார்கள். ரெசின் அயனிகளை எடுக்குமே தவிரக் கிருமியையோ மின்னேற்றம் இல்லாத ரசாயனத்தையோ எடுக்காது. கேனும் உணவுத் தரமானதாக இருக்கும் என்று நம்ப முடியாது. அனல்மின் நிலையங்களில் பாய்லர் சுற்றில் ஓடும் டி.எம். நீரில் அம்மோனியாவோ ஹைட்ரசினோ கலந்திருக்கும், ஹைட்ரசின் நச்சு. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரின் டி.டி.எஸ். குறைவாகக் காட்டும்; தூசியும் கிருமியும் படிந்த செம்பு, அலுமினியத் தகடுகளைக் கழுவி வந்த நீர் அது. துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டிக்கு வேண்டுமானால் வடிகட்டிப் பார்க்கலாம்.

எந்த வீட்டுக்கு எது

மெஷின் வாங்கும் முன் நீரைப் பரிசோதிக்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் உண்டு. டி.டி.எஸ்., கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு, ஈ.கோலை இந்த ஆறும் போதும். டி.டி.எஸ். 500-க்குள், ஃபுளோரைடு 1-க்குள், நைட்ரேட் 45-க்குள் (எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில்) என்றால் காய்ச்சிக் குடித்தாலோ, யு.வி. அல்லது யு.எஃப். வைத்தாலோ போதும். கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டால் கிருமிக்கு அது தாராளம்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலைமை வேறு. அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுத்ததால்தான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது. போர் தண்ணீரையே நம்பியிருக்கும் வீட்டுக்கு அங்கே ஆர்.ஓ. எலும்பைக் காப்பாற்றும் கருவி. இலங்கையில் அனுராதபுரம் சுற்றுவட்டாரத்தில் காரணம் முழுதாகப் பிடிபடாத சிறுநீரக நோய் பரவியபின், கடினமும் ஃபுளோரைடும் மிகுந்த கிணற்று நீருக்குப் பதிலாகக் கிராமத்துக்கு ஒன்றாக ஆர்.ஓ. நிலையங்கள் அமைத்தார்கள். இப்படிப்பட்ட இடங்களில் தாது போய்விடுமே என்று ஆர்.ஓ.வை நிறுத்துவது தலைகீழான முடிவு. சத்தைச் சாப்பாட்டில் தேடிக்கொள்ளலாம். ஃபுளோரைடை உடம்பிலிருந்து திரும்ப எடுக்க முடியாது.

ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர எந்த நீரும் வேண்டாம். மருத்துவர் சொல்லிப் பால்பவுடர் கொடுப்பதாக இருந்தால், தாதுக்கள் பவுடரிலேயே அளந்து சேர்க்கப்பட்டிருப்பதால் ஆர்.ஓ. நீர் பொருத்தமானதே. ஆனால் அதையும் கொதிக்கவைத்துத்தான் கலக்க வேண்டும், மேலே சொன்ன டேங்க் காரணத்துக்காக. சிறுநீரக நோயாளிகளுக்குப் பொட்டாசியம், சோடியம், நீரின் அளவு எல்லாமே மருத்துவர் வரையறுப்பது. அதில் நீரின் வகையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயிற்றுப்போக்கின்போது "ஆர்.ஓ. நீரில் சத்தில்லை" என்று ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கொஞ்சம் கூட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டில் 2.6 கிராம் சமையல் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் இருக்கிறது. எந்த நீரில் கரைத்தாலும் அளவு இதுதான். ஒரு பாக்கெட், முழு ஒரு லிட்டர், கொதிக்கவைத்து ஆறிய நீர். பாதி பாக்கெட்டைக் கண்ணளவில் பிரித்துக் கலக்காதீர்கள். மிச்சமானதை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள்.